திருத்தும் செவியும் திருத்தும் கருவியும்

ஒருவரை அமைதியான அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, ‘ஆ’ என்று ஒரே சுருதியில் நீட்டச் சொல்கிறார்கள். அவர் குரல் மைக் வழியாக ஒரு கருவிக்குள் போய், அங்கிருந்து அவர் காதுக்கே திரும்புகிறது. சற்று நேரத்தில், அவருக்குச் சொல்லாமலேயே, கருவி அந்தக் குரலின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கிறது. உடனே அவருடைய உண்மைக் குரல் கீழே இறங்குகிறது. இறக்கிக் கொடுத்தால் குரல் ஏறுகிறது. அவர் யோசித்துச் செய்வதில்லை. யோசிக்க அங்கே நேரமும் இல்லை.

1981இல் ஜெஃப்ரி எல்மன் இத்தகைய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். 1990களில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்சன், தெரசா பர்னெட் முதலியோர் இதை நுணுக்கமாக அளந்தார்கள். காதில் மாற்றம் விழுந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் தொண்டை பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் அந்தப் பதில் மாற்றத்துக்கு எதிர்த்திசையிலேயே இருக்கிறது.

பாடுகிற எவருக்குள்ளும் ஒரு சுருதித் திருத்தி ஏற்கெனவே குடியிருக்கிறது என்பதே இதன் பொருள். செவி அளக்கிறது, மனத்தில் உள்ள இலக்கோடு ஒப்பிடுகிறது, குரல்வளைத் தசையை நகர்த்துகிறது. கடந்த கால் நூற்றாண்டுக்கு மேலாக மேடைகளில் இடம்பிடித்துவரும் சுருதித் திருத்தக் கருவியும் இதே மூன்று வேலைகளைத்தான் செய்கிறது. இரண்டு திருத்திகள் ஒரே குரலின் மேல் ஒரே நேரத்தில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கருவி நேர்மையானதா, ஏமாற்றா என்று நடக்கும் பழைய வாதத்தைவிட இந்தக் கேள்வி அடிப்படையானது என்று நினைக்கிறேன்.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து குரலுக்கு

சுருதித் திருத்தக் கருவியான ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட் புல்லாங்குழல் வாசிப்பவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முதலில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. நிலத்துக்குள் ஒலியதிர்வுகளை அனுப்பி, அடுக்குகளில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கணிதத்தால் பிரித்து, எண்ணெய் எங்கே இருக்கிறது என்று காண்பது அந்தத் துறை. 1982இல் லேண்ட்மார்க் கிராஃபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு அந்தத் தொழிலை விட்டு, ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் இசையமைப்புப் படிக்கப் போனார். அங்கிருந்து இசை மென்பொருளுக்கு வந்தார். ஒரு மதிய உணவின்போது உடனிருந்த பெண்மணி, தன்னைச் சுருதியோடு பாடவைக்கும் பெட்டி ஒன்று வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்டதே தொடக்கம் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1997இல் ஆட்டோ-டியூன் வெளிவந்தது. மென்பொருளைத் தொடர்ந்து, மேடைக்கு எடுத்துச் செல்லத்தக்க பெட்டியாகவும் அதை அவருடைய அன்டாரெஸ் நிறுவனம் விற்றது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்த கருவி மேடை ஏறியது இப்படித்தான்.

அவர் கொண்டுவந்த கணிதம் புதியதன்று. ஓர் அலையை அதன் மேலேயே சிறிது நகர்த்திவைத்து, எந்த இடத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று பார்க்கும் தன்னொட்டுறவு முறை அது. பொருந்தும் தூரமே அலையின் ஒரு சுற்று. சுற்றின் நீளம் தெரிந்தால் சுருதி தெரிந்துவிடும். எல்லாத் தூரங்களுக்கும் ஒவ்வொரு கணமும் முழுக்கணக்குப் போடுவதற்கு அன்றைய கணினிகளால் முடியவில்லை. ஹில்டெப்ராண்ட் பழைய கூட்டுத்தொகையை அழிக்காமல் வைத்துக்கொண்டார். புதிய மாதிரி ஒன்று வரும்போது அதற்குரிய பெருக்கலைக் கூட்டி, காலாவதியான ஒன்றைக் கழித்தால் போதும். அந்தச் சிக்கனம்தான் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திருத்துவதைச் சாத்தியமாக்கியது.

நூற்றில் இரண்டு

கருவி செய்யும் வேலையின் நுட்பத்தை ஓர் எண்ணால் உணரலாம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு விநாடி ஒலியை 44,100 மாதிரிகளாக எடுக்கிறார்கள். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சுரத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 100 மாதிரிகளில் முடிகிறது. பாடகர் அந்தச் சுரத்தை 30 சென்ட் இறக்கிப் பாடிவிட்டால், அதிர்வு 432 ஹெர்ட்ஸ் ஆகிறது. சுற்று 102 மாதிரிகளாக நீள்கிறது. அடுத்தடுத்த இரண்டு சுரஸ்தானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். 1885இல் அலெக்சாண்டர் எல்லிஸ் பல நாட்டு இசைகளை ஒப்பிடுவதற்காகப் பயன்படுத்திய அளவு அது. 30 சென்ட் விலகலை அரங்கில் உள்ள பயிற்சி பெற்ற காது உடனே கண்டுகொள்ளும். ஆனால் அது நூறு மாதிரிகளில் இரண்டு கூடிய கதைதான்.

திருத்துவதற்குக் கருவி அந்த ஒலியைக் கொஞ்சம் வேகமாகப் படிக்கிறது. வேகமாகப் படித்தால் ஒலி தீர்ந்துபோகும். தீரும் தறுவாயில் ஒரு முழுச் சுற்றைத் திரும்பப் படித்து இட்டு நிரப்புகிறது. சுருதியை இறக்க வேண்டுமானால் மெதுவாகப் படித்து, இடையில் ஒரு சுற்றைத் தாண்டிப்போகிறது. ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஏறத்தாழ ஒரே வடிவம் என்பதால் ஒட்டு நம் காதுக்குத் தெரிவதில்லை.

இதில் தவிர்க்கவே முடியாத ஒரு தடை இருக்கிறது. சுற்று இன்னதென்று அறியக் குறைந்தது இரண்டு சுற்றாவது கேட்டாக வேண்டும். 440 ஹெர்ட்ஸ் குரலுக்கு இரண்டு சுற்று என்பது நாலரை மில்லிவிநாடி. 82 ஹெர்ட்ஸில் பாடும் கனத்த ஆண்குரலுக்கு அது 24 மில்லிவிநாடி. அதுவரை கருவி குரலைப் பிடித்துவைத்துத் தாமதமாக வெளியே விட வேண்டும். இல்லையேல் சுரத்தின் தொடக்கத்தைத் திருத்தாமல் விட வேண்டும். எந்த வேகமான கணினியும் இந்தக் காலத்தைக் குறைக்காது. அது குரலின் இயற்கையிலேயே இருக்கிறது.

அரங்கில் இருப்பவருக்கு இந்தத் தாமதம் பொருட்டில்லை. ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் எப்படியும் 58 மில்லிவிநாடி கழித்தே கேட்கிறார். பாடுபவரின் நிலை வேறு. தன் குரலை அவர் எலும்பின் வழியாக உடனுக்குடன் கேட்கிறார். காதுக்குள் செருகிய மானிட்டரில் அதே குரல் பத்து மில்லிவிநாடி பிந்தி வந்தால், இரண்டும் கலந்து சில அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

பக்கத்துச் சுரம் எது?

இனி, கருவிக்கு எது ‘தவறு’? ஒரு பட்டியலில் உள்ள சுரங்களில் குரலுக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதுவே சரி. அதிலிருந்து விலகியது தவறு. கருவி அறிந்த இசையிலக்கணம் இவ்வளவே.

பன்னிரண்டு சுரங்களையும் பட்டியலில் விட்டுவைத்ததாக எடுத்துக்கொள்வோம். பாடகி 440 ஹெர்ட்ஸைக் குறிவைத்து 60 சென்ட் கீழே விழுந்துவிடுகிறார். குரல் 425 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதற்கு அருகில் உள்ள சுரம் 415. கருவி அவரை அங்கே இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைக்கிறது. 60 சென்ட் பிழை 100 சென்ட் பிழையாகிறது. அதுவும் கண்ணாடிபோல் தெளிந்த, அசையாத பிழையாக. தனியாக விட்டிருந்தால் அடுத்த கணமே அவருடைய செவி குரலை மேலே தூக்கியிருக்கும்.

இதைத் தவிர்க்க, பாடலின் சுரங்களை மட்டும் பட்டியலில் வைக்கிறார்கள். பெரிய மேடைகளில், தாளத்தை நடத்தும் கணினியே ஒவ்வொரு பாட்டுக்கும் பட்டியலை மாற்றித் தருகிறது. இன்னும் ஒருபடி மேலே போய், எந்த நொடியில் எந்தச் சுரம் என்பதையும் முன்கூட்டியே எழுதி, இசைக் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி முறை வழியாக ஊட்டலாம். கருவி மிகத் துல்லியமாக வேலை செய்வது அப்போதுதான். ஆனால் அப்போது பாடகர் அன்றைக்கு என்று ஒரு புதுச் சங்கதி போட முடியாது. கூட்டத்தின் உற்சாகத்தில் ஒரு வரியை மேலே எடுத்துப் பாட முடியாது. எழுதிவைத்ததைவிட்டு விலகுவது எதுவும் கருவிக்குப் பிழை. நிகழ்த்தும் கலையில் எதிர்பாராததே உயிர் என்றால், கருவியின் துல்லியமும் அந்த உயிரும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

மேடைக்கே உரிய சங்கடங்களும் உண்டு. பாடகரின் மைக்கில் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து விழுகின்றன. எது குரலின் சுற்று என்று கருவி குழம்புகிறது. இருவர் ஒரே மைக்கில் பாடினால் அலை ஒன்றாகக் கலந்துவிடும். ஒற்றைக் குரலுக்கான இந்த முறை அங்கே செல்லாது. கலந்த சுரங்களைப் பிரித்தெடுக்கும் முறையை ஜெர்மனியின் பீட்டர் நாய்பேக்கர் தன் மெலோடைன் மென்பொருளில் கொண்டுவந்தார். அது பதிவு செய்த ஒலியை ஆற அமர ஆராய்ந்து செய்யும் வேலை. கம்பிக் கருவிகளில் வழி எளிது. 2012இல் பீவி நிறுவனம் அறிவித்த ஏடி-200 கிட்டாரில் ஆறு கம்பிகளின் ஒலியும் தனித்தனியே எடுக்கப்பட்டு, தனித்தனியே திருத்தப்பட்டன. எந்த ஒலி எந்தக் கம்பியுடையது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மனிதத் தொண்டைக்குள் அப்படிப் பிரித்துக் காட்டும் தந்திகள் இல்லை.

எவ்வளவு வேகமாகத் திருத்துவது?

கருவியின் மிக முக்கியமான திருகு, திருத்தும் வேகம். குரல் விலகியதிலிருந்து சுரத்தில் சேரும்வரை எத்தனை மில்லிவிநாடி என்பதை அது முடிவு செய்கிறது. சில பத்து மில்லிவிநாடி வைத்தால் திருத்தம் நடந்ததே தெரியாது. பூஜ்யம் வைத்தால், குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லாமல் படிக்கட்டில் குதிப்பதுபோல் குதிக்கும். 1998இல் பாடகி ஷெர் பாடி வெளிவந்த ‘பிலீவ்’ பாட்டில் உலகெங்கும் கேட்டது அந்த ஒலிதான். அதன் தயாரிப்பாளர்கள் முதலில் தங்கள் உத்தியை மறைத்து, வேறொரு கருவியின் பெயரைச் சொன்னார்கள்.

திருத்தும் வேகம் அழகியல் கேள்வியாக மாறுவது இங்கேதான். 1930களில் அயோவா பல்கலைக்கழகத்தின் கார்ல் சீஷோர், புகழ்பெற்ற மேற்கத்தியப் பாடகர்களின் ஒலித்தட்டுகளை அளந்தபோது, அவர்கள் நிலையாக நிறுத்துவதாக நாம் நம்பும் சுரம் விநாடிக்கு ஆறேழு முறை அசைவதைக் கண்டார். அந்த அசைவின் அகலம் ஏறக்குறைய அரைச்சுரம். கேட்பவர்களோ ஒரே சுரத்தைத்தான் கேட்டார்கள். அசைவு அவர்களுக்குக் குரலின் இனிமையாகப் பட்டது. ஒழுங்கிலிருந்து விலகுவதில்தான் கலையின் வெளிப்பாடு இருக்கிறது என்பது சீஷோர் தம் ஆய்வுகளிலிருந்து வந்தடைந்த கருத்து. கருவியின் கண்ணுக்கு அந்த அசைவும் விலகல்தான். வேகத்தைக் கூட்டினால் பிழையோடு இனிமையும் போகும். குறைத்தால் இனிமையோடு பிழையும் தங்கும். நீட்டிய சுரத்தில் அசைவைத் தக்கவைக்கப் பின்னர் வந்த பதிப்புகளில் வழிகள் சேர்க்கப்பட்டன. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தச் சேர்க்கைகளே சான்று.

கர்நாடக இசையை இந்தக் கருவிக்குள் அனுப்பிப் பார்த்தால் சிக்கல் முழு உருவம் எடுக்கிறது. தோடியின் காந்தாரம் ஏட்டில் சாதாரண காந்தாரம். பாட்டில் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தை ஒட்டிய இடத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவே காந்தாரம். அதை நிறுத்தினால் தோடி இல்லை. கருவியிடம் தோடியின் ஏழு சுரங்களை மட்டும் பட்டியலாகக் கொடுத்தாலும், அசைவு நடுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அது ரி, க, ம என்று மாறி மாறித் தாவும். வேகத்தைக் குறைத்து அசைவைக் காப்பாற்றினால், அசைவின் நடுவில் நேர்ந்த உண்மையான அபசுரத்தையும் கருவி விட்டுவிடும். அதனால் பத்திரமாகத் திருத்த முடிவது ஷட்ஜம், பஞ்சமம் போன்ற நின்ற சுரங்களைத்தான்; தம்புரா ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரங்கள் அவை, பாடகருக்கு உதவி மிகக் குறைவாகத் தேவைப்படும் இடங்கள்.

இதைக்கொண்டு, கருவி மேற்கத்திய இசைக்கு மட்டுமே உரியது என்று முடிவு கட்டுவதும் சரியன்று. அல்ஜீரியாவின் ராய் இசைப் பாடகர்களும் மொராக்கோவின் பெர்பர் பாடகர்களும் இதே கருவியை மிகக் கடுமையான வேகத்தில் வைத்து, விருப்பத்தோடு பாடுகிறார்கள். வழுக்கிச் செல்லும் அவர்களுடைய குரல் படிக்கட்டுகளில் சிதறும்போது எழும் மினுமினுப்பே அவர்களுக்கு அழகு. அங்கே எவரும் பிழையை மறைக்கவில்லை; கருவியின் பிடிக்கும் குரலின் நழுவலுக்கும் இடையே நடக்கும் இழுபறியைக் கேட்கவைக்கிறார்கள்.

பாடுபவரின் காதுக்கு எது போகிறது?

முதலில் சொன்ன சோதனைக்குத் திரும்புவோம். 2000ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஜோன்ஸும் கெவின் மன்ஹாலும் அதை நீட்டித்துப் பார்த்தார்கள். பேசுபவரின் காதுக்குப் போகும் குரலைச் சிறிது சிறிதாக, பல முறை, நகர்த்திக்கொண்டே போனார்கள். பேசுபவர் ஈடு கொடுத்துக்கொண்டே வந்தார். பிறகு நகர்த்துவதை நிறுத்தி இயல்பான குரலையே கொடுத்தபோதும், ஈடு கொடுத்த பழக்கம் சற்று நேரம் அவரிடம் தங்கியிருந்தது. காதுக்கு வரும் ஒலியை வைத்துத் தொண்டை தன் அளவுகோலையே மாற்றி எழுதிக்கொள்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜீன் மேரி சராட்டேயும் ராபர்ட் சாட்டோரும் பயிற்சி பெற்ற பாடகர்களை ஆராய்ந்தார்கள். காதில் 200 சென்ட் நகர்வு கேட்கும்போது, அதைப் பொருட்படுத்தாமல் பாடச் சொன்னால் அவர்களால் பெருமளவு முடிகிறது; பயிற்சி இல்லாதவர்கள் தடுமாறுகிறார்கள். நகர்வு 25 சென்டாகச் சுருங்கும்போது, பயிற்சி பெற்றவர்களாலும் அதைத் தள்ளிவைப்பது கடினமாகிறது. தொண்டை தானாகவே பதில் சொல்லிவிடுகிறது.

இந்த இரண்டு முடிவுகளையும் மேடையின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். மேடைக் கருவி செய்யும் திருத்தங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறிய அளவிலானவை: இருபது, முப்பது சென்ட். பாடகரின் மானிட்டருக்குத் திருத்திய குரலையே அனுப்பினால், தான் 25 சென்ட் இறங்கியிருக்கும்போது சரியாக நிற்பதாக அவர் கேட்பார். இயல்பாகத் தூக்கியிருக்க வேண்டிய தொண்டைக்குத் தூக்கச் சொல்லி எந்தச் செய்தியும் வராது. விலகல் தங்கும், வளரும்; 50 சென்டைத் தாண்டும் கணத்தில் கருவி அவரைப் பக்கத்துச் சுரத்தில் தள்ளும். உள்ளே இருந்த திருத்தியை வெளியே இருப்பது தூங்கவைத்துவிட்டு, மிக நெருக்கடியான கணத்தில் தானும் கைவிடுகிறது.

இதனால்தான் அனுபவமுள்ள ஒலிப்பொறியாளர்கள் பாதையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். அரங்கத்து ஸ்பீக்கர்களுக்குத் திருத்திய குரல். பாடகரின் காதுக்குத் தொடப்படாத குரல். தாமதத்தைத் தவிர்ப்பது இதன் முதல் காரணமாக இருக்கலாம். இதன் ஆழ்ந்த பயனோ செவியின் வட்டத்தை அறுக்காமல் காப்பது. கருவியின் ஒலியையே கலையாக்கிக்கொண்டவர்கள் மட்டும் வேறு வழியில் போகிறார்கள். அவர்கள் திருத்திய குரலைக் கேட்டே ஆக வேண்டும். கருவி எப்போது குதிக்கும் என்பதை ஒரு வாத்தியத்தைப் பழகுவதுபோல் பழகியிருக்கிறார்கள். 2000களில் இந்த ஒலியைத் தன் அடையாளமாக்கிய டி-பெயின், 2014இல் அமெரிக்க வானொலியான என்பிஆரின் சிறிய மேசைக் கச்சேரியில் ஒரு கீபோர்டை மட்டும் துணையாக வைத்துத் தன் வெறும் குரலில் பாடினார். சுருதி சுத்தமாக இருந்தது. பாடத் தெரியாததால் கருவியை வைத்திருந்தார் என்று எண்ணியவர்களுக்கு அது பதிலாக அமைந்தது. ஆள்கிறவர் கையில் கருவி வாத்தியம். அதன் மேல் சாய்கிறவருக்கு ஊன்றுகோல்.

நேர்மையும் கல்வியும்

2010இல் பிரிட்டனின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ போட்டியில், தேர்வுச் சுற்றில் பாடியவர்களின் குரல் ஒளிபரப்புக்கு முன் திருத்தப்பட்டது வெளிப்பட்டுப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பார்வையாளர்களின் கோபம் நியாயமானது. போட்டி என்பது ஒப்பிடுவது. ஒப்பிடப்படும் பொருளையே மாற்றிவிட்டால் தீர்ப்புக்கு அர்த்தமில்லை. கேளிக்கை மேடையில் அந்த அளவு கடுமை தேவையில்லை. அங்கும், ‘நேரடிக் குரல்’ என்று சொல்லிச் சீட்டு விற்றால், அந்தச் சொல்லுக்கு உண்மையாக இருக்கும் பொறுப்பு உண்டு.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, கற்கும் பருவத்தில் இருப்பவர்களைப் பற்றியது. மேடையேற்றத்துக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் ஒரே செயலி என்று ஆகிவிட்ட காலம் இது. செவிக்கும் தொண்டைக்கும் இடையிலான பாதை, கேட்ட பிழைகளால்தான் செதுக்கப்படுகிறது. பிழை கேட்காமலே போனால் செதுக்க எதுவும் இல்லை. மாணவருக்குப் பொருத்தமானது குரலை மாற்றாத கருவி: சுருதி எங்கே நிற்கிறது என்று கோடாகக் காட்டி, திருத்தும் வேலையை அவரிடமே விட்டுவிடும் கருவி.

அப்படி ஒரு கருவி நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. தம்புரா எவருடைய குரலையும் தொடுவதில்லை. ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. குரல் விலகினால் உரசலைக் கேட்கவைக்கிறது. சேர்ந்தால் அந்தச் சேர்க்கையை இன்னும் பெரிதாக ஒலிக்கவைக்கிறது. இலக்கை அது தருகிறது. திருத்தத்தைச் செவி செய்கிறது. ஆட்டோ-டியூனும் தம்புராவும் சுருதிக்காகப் பிறந்த தொழில்நுட்பங்களே. ஒன்று கேட்பவரின் காதுக்காக வேலை செய்கிறது, மற்றொன்று பாடுபவரின் காதுக்காக.

சுருதி சேராத பாட்டைக் கேட்டுச் சிரமப்பட வேண்டும் என்று எவருக்கும் விதியில்லை. உடல்நலம் குன்றிய நாளில், ஓடியாடிப் பாடும் மேடையில், மூச்சு வாங்கும் ஒரு வரியை மெல்லத் தாங்கிப் பிடிக்கக் கருவி உதவினால் அதில் குற்றமில்லை. ஆனால் அதை மேடைக்குக் கொண்டுவரும் ஒவ்வொருவரும், எந்தப் பட்டியல், எந்த வேகம் என்று அமைப்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: பாடுபவரின் காதுக்கு எந்தக் குரல் போகப்போகிறது? அவருடைய சொந்தக் குரல் அங்கே போகும்வரை, அவருக்குள் இருக்கும் திருத்தி விழித்திருக்கும்.